காருக்கும் மூளை உண்டு! அதற்கு நாடி பார்ப்பது எப்படி?



காரின் டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று இருக்கும். கவனித்திருக்கிறீர்களா? சாவியைத் திருப்பினதும் எரியும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும். சில கார்களில் அது அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். கேட்டால், "எரிஞ்சா எரியட்டும், வண்டிதான் ஓடுதே" என்பார்கள். சிலர் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தும் விடுவார்கள். அந்த விளக்கை ஏற்றுவது யார்? எதற்காக ஏற்றுகிறார்? அதைத்தான் இந்தத் தாளில் பார்க்கப் போகிறோம்.

மூளை எது?

பழைய அம்பாசடர், பழைய மாருதி 800 கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க கார்புரேட்டர் இருந்தது. இப்போது வரும் கார்களில் அந்த வேலையை ஒரு கம்ப்யூட்டர் பார்க்கிறது. அதன் பெயர் ஈ.சி.யூ. நம்ம சாப்பாட்டு டப்பா மாதிரி ஒரு சின்ன அலுமினியப் பெட்டிதான்.

நமக்குக் கண், காது, மூக்கு மாதிரி அதற்கு சென்சார்கள். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, உள்ளே வரும் காற்று எவ்வளவு, டிரைவர் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறார், புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஒவ்வொன்றும் சேதி அனுப்பும். நமக்குக் கை கால் மாதிரி அதற்கு இன்ஜெக்டர், ஸ்பார்க் காயில், ஃபேன் ரிலே. சேதியைக் கேட்டு, கணக்குப் போட்டு, இவற்றுக்கு உத்தரவு போடும்.

எவ்வளவு வேகமாக? ஒரு கணக்கு போடுவோம். எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று சுற்றுகிறது. அப்படியானால் வினாடிக்கு 50 சுற்று. நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 2 சுற்றுக்கு ஒரு பொறி, அதாவது வினாடிக்கு 25 பொறி. 4 சிலிண்டருக்கு 100 பொறி! நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் பல பொறிகளுக்கு நேரம் குறித்துவிடுகிறது அந்தப் பெட்டி.

நரம்புகள்

மூளை இருந்தால் போதுமா? நரம்பு வேண்டாமா? காரின் நரம்பு வயரிங். அதை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் பயம் வராது.

முதல் வகை, சாப்பாடு போடும் வயர்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக ஈ.சி.யூ.வுக்கு மின்சாரம் வரும். பேட்டரியின் நெகட்டிவ் முனை காரின் இரும்பு உடம்போடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் "எர்த்" என்கிறார்கள். எர்த் போல்ட்டில் துருவோ களிம்போ ஏறினால் நல்ல ஈ.சி.யூ.கூட உளற ஆரம்பிக்கும்.

இரண்டாவது வகை, சேதி கொண்டுவரும் சென்சார் வயர்கள். பெரும்பாலான சென்சார்களுக்கு ஈ.சி.யூ. 5 வோல்ட் மட்டும்தான் அனுப்பும். பேட்டரி வோல்டேஜ் ஏறும், இறங்கும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் வரைக்கும் போகும். அளவுகோலே நீண்டு சுருங்கினால் அளக்க முடியுமா? அதனால் ஏறாத இறங்காத 5 வோல்ட்டை ஈ.சி.யூ. தானே தயார் செய்துகொள்கிறது.

மூன்றாவது வகை, உத்தரவு கொண்டுபோகும் வயர்கள். இவை இன்ஜெக்டருக்கும் ரிலேவுக்கும் போகும்.

சூட்டை எப்படி அளக்கிறது?

அறிவியலில் மின்தடை படித்தோம் அல்லவா, அது இங்கே உதவும். தண்ணீர் சூட்டை அளக்கும் சென்சாரில் இரண்டே வயர். உள்ளே இருப்பது ஒரு மின்தடை. சூடு ஏறினால் அதன் ஓம் குறையும்.

எளிமையாகக் கணக்குப் போடுவோம். ஈ.சி.யூ.வுக்குள் 5 வோல்ட்டுக்கும் சென்சார் வயருக்கும் நடுவில் 2500 ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது சென்சார் 2500 ஓம். இரண்டும் சமம், அதனால் 5 வோல்ட் பாதிப் பாதியாகப் பிரியும். ஈ.சி.யூ. 2.5 வோல்ட்டைப் பார்க்கும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சென்சார் 300 ஓம். இப்போது 5 × 300 ÷ 2800, ஏறக்குறைய 0.54 வோல்ட். வோல்ட் குறைந்தால் சூடு அதிகம் என்று ஈ.சி.யூ. புரிந்துகொள்ளும்.

இப்போது முக்கியமான கேள்வி. வயர் அறுந்துபோனால் என்ன ஆகும்? மின்சாரம் ஓட வழியில்லை. 5 வோல்ட் அப்படியே நிற்கும். ஈ.சி.யூ. கணக்கில் அது பயங்கரக் குளிர்! ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் மைனஸ் 40! அதே வயர் உரசிப்போய் எர்த்தில் பட்டுவிட்டால் 0 வோல்ட். அப்போது பயங்கரச் சூடு என்று காட்டும். இரண்டுமே நடக்காத காரியம் என்று ஈ.சி.யூ.வுக்குத் தெரியும். உடனே மஞ்சள் விளக்கை ஏற்றி, ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளும். பல கார்களில் பாதுகாப்புக்காக ஃபேனையும் ஓடவிடும்.

நாடி பார்க்கும் இடம்

எழுதி வைத்த எண்ணைப் படிக்க ஒரு வாசல் வேண்டுமே! ஸ்டியரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்கால் பக்கம், குனிந்து பார்த்தால் ஒரு சாக்கெட் தெரியும். மேல் வரிசையில் 8 துளை, கீழ் வரிசையில் 8 துளை, ஆக 16. மேல் பக்கம் அகலமாகவும் கீழ்ப் பக்கம் குறுகலாகவும் இருக்கும். இதன் பெயர் ஓ.பி.டி. சாக்கெட். முக்கியமான துளைகள் இவை:

4 – காரின் உடம்பு எர்த்
5 – சேதிக்கான எர்த்
6 – கேன் ஹை
7 – கே லைன் (கொஞ்சம் பழைய கார்களில்)
14 – கேன் லோ
16 – பேட்டரியின் 12 வோல்ட், சாவி போடாவிட்டாலும் வரும்

16-ஆம் துளையில் எப்போதும் மின்சாரம் இருப்பதால், ஸ்கேனரை வாரக்கணக்கில் சொருகியே வைத்தால் பேட்டரி இறங்கிவிடும். ஸ்கேனருக்கு உயிரே வரவில்லை என்றால் முதலில் 16-க்கும் 4-க்கும் நடுவில் 12 வோல்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால் பெரும்பாலும் ஒரு ஃபியூஸ்தான் போயிருக்கும்.

கேன் என்பது இரண்டு வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடி. காருக்குள் இருக்கும் பல கம்ப்யூட்டர்கள் இதில்தான் பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி இதை உருவாக்கி 1986-இல் வெளியிட்டது. பேச்சு இல்லாதபோது இரண்டிலும் 2.5 வோல்ட். பேசும்போது ஒன்று 3.5 ஆக ஏறும், மற்றது 1.5 ஆக இறங்கும். வித்தியாசம் 2 வோல்ட்.

ஏன் முறுக்கணும்? எஞ்சின் பொறியால் வரும் மின் இரைச்சல் வயரில் ஏறும். முறுக்கி இருப்பதால் இரண்டிலும் சமமாக ஏறும். 1 வோல்ட் ஏறியது என்று வையுங்கள். 3.5 என்பது 4.5 ஆகும், 1.5 என்பது 2.5 ஆகும். வித்தியாசம் அதே 2 வோல்ட்! ஈ.சி.யூ. வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும். சேதி கெடாது.

இந்த வழக்கம் எப்படி வந்தது?

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வண்டிப் புகை மூட்டத்தால் மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலும் பட்டார்கள். அதனால் அந்த மாநிலம், கார் தன் குறையைத் தானே சொல்ல வேண்டும் என்று 1988 மாடல் முதல் விதி கொண்டுவந்தது. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் விற்கும் கார்களுக்கு ஒரே மாதிரி சாக்கெட்டும் ஒரே மாதிரி எண்களும் வந்தன. நம் நாட்டில் 2010-இல் முதல் கட்டமும், 2013-இல் இரண்டாம் கட்டமும் கார்களுக்கு வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நாடு முழுக்க வந்தது. ஆகவே அந்த மஞ்சள் விளக்கு எஞ்சினுக்காக மட்டும் எரியவில்லை, நாம் விடும் மூச்சுக்காகவும் எரிகிறது.

எண்ணைப் படிக்கும் முறை

எண்ணுக்கு முன்னால் ஒரு ஆங்கில எழுத்து வரும். 'பென்சில்' பி என்றால் எஞ்சினும் கியரும். 'பால்' பி என்றால் உடம்புப் பகுதி. இரண்டையும் தமிழில் எழுதினால் ஒன்றுபோல இருக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம். 'சி' என்றால் பிரேக், ஸ்டியரிங் பகுதி. 'யூ' என்றால் கம்ப்யூட்டர்களின் பேச்சில் தகராறு. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொது. 1 என்றால் அந்தக் கம்பெனிக்கு மட்டும்.

உதாரணத்துக்கு, பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் சரியில்லை. பி 0118 என்றால் தண்ணீர்ச் சூடு சென்சாரின் சர்க்யூட்டில் வோல்ட் மிக அதிகம். இந்த "சர்க்யூட்" என்ற சொல்லைத் தயவுசெய்து கவனியுங்கள். சர்க்யூட் என்றால் சென்சார் மட்டும் அல்ல. சென்சார், வயர், கனெக்டர், ஈ.சி.யூ. எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட்.

மாமா கார் சொன்ன பாடம்

எங்க மாமா ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டுகிறார். ராத்திரியில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் எங்க தெருவில் அந்தக் கார்தான். போன மழைக்காலத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது, ஃபேன் நிற்காமல் ஓடியது, பெட்ரோலும் அதிகம் குடித்தது. டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் பண்ணினார்கள். பி 0118. "சென்சார் போச்சு" என்று புதுசு மாட்டினார்கள். இரண்டு நாளில் மறுபடி விளக்கு. எண்ணை அழித்து அனுப்பினார்கள். மறுபடி விளக்கு. கடைசியில் "ஈ.சி.யூ.வே போயிருச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். பல ஆயிரம் செலவு. அத்தை தோட்டைக் கழற்றி அடகு வைக்கக் கொடுத்துவிட்டார்.

பக்கத்து ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருவர், "அவசரப்படாதீங்க மாமா, ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். சென்சார் கனெக்டரைக் கழற்றினார். கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயரால் சேர்த்தார். வயரும் ஈ.சி.யூ.வும் நன்றாக இருந்தால் ஸ்கேனரில் மைனஸ் 40 மறைந்து பயங்கரச் சூடு காட்டணும். காட்டவில்லை. மைனஸ் 40 அப்படியே நின்றது. ஆகவே குற்றவாளி சென்சார் இல்லை. மிச்சம் இரண்டு பேர், வயர் அல்லது ஈ.சி.யூ. சாவியை எடுத்து, ஈ.சி.யூ. கனெக்டரையும் கழற்றி, மல்டிமீட்டரால் வயரை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அளந்தார். தொடர்ச்சி இல்லை! வயர்க்கட்டைத் தொட்டுக்கொண்டே போனார். பேட்டரித் தட்டுக்கு அடியில் வைக்கோலும் புளியங்கொட்டையும் கிடந்தன. எலி கடித்த வயர் ஒன்று!

சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, டேப் சுற்றினார். விளக்கு அணைந்தது. அத்தையின் தோடு காதிலேயே இருக்கிறது.

தெர்மாமீட்டர் காய்ச்சல் என்று சொல்லும். எதனால் காய்ச்சல் என்று சொல்லாது. அதை டாக்டர்தான் கண்டுபிடிக்கணும். ஸ்கேனரும் அப்படித்தான். எண்ணை மட்டும் அழிப்பது, தெர்மாமீட்டரை உதறி வைத்துவிட்டு "காய்ச்சல் போச்சு" என்று சொல்வது போல. அழிக்கும்போது இன்னொரு நஷ்டமும் உண்டு. குறை வந்த நேரத்தில் எஞ்சின் என்ன வேகம், என்ன சூடு என்று ஈ.சி.யூ. குறித்து வைத்திருப்பதும் சேர்ந்து அழிந்துபோகும். அதனால் அழிப்பதற்கு முன் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மறக்கக் கூடாதவை

1. சாவியை எடுக்காமல் எந்தக் கனெக்டரையும் கழற்றக் கூடாது.
2. ஈ.சி.யூ. வயரில் டெஸ்ட் பல்பு வைக்கக் கூடாது. பல்பு அதிக மின்சாரம் இழுக்கும், உள்ளே கருகிவிடும். மல்டிமீட்டர்தான் சரி.
3. முனைகளைச் சேர்த்துப் பார்ப்பது இரண்டு வயர் சூடு சென்சாருக்கு மட்டும். மூன்று வயர் சென்சாரில் செய்தால் 5 வோல்ட் எர்த்தில் பட்டு வேறு சென்சார்களும் செத்துப்போகலாம்.
4. மஞ்சள் உறை போட்ட வயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போகும். தொடவே கூடாது.
5. மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஓட்டிக்கொண்டே போகக் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், புகையைச் சுத்தம் செய்யும் பாகத்தைக் கருக்கிவிடும்.

இவை பெரியவர்கள் செய்யும் வேலைகள். நாம் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கலாம். "சென்சாரை மாத்தறதுக்கு முன்னாடி வயரை அளந்தீங்களா?" இந்த ஒரு கேள்வியை உங்கள் வீட்டிலும் சொல்லி வையுங்கள். யார் வீட்டுத் தோடாவது மிச்சமாகும்.

உங்களுக்கு மூன்று கேள்விகள்

1. கேன் வயர் ஜோடியின் இரண்டு முனைகளிலும் ஆளுக்கு 120 ஓம் மின்தடை பக்க இணைப்பில் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் நடுவில் அளந்தால் எத்தனை ஓம் வர வேண்டும்?
2. அங்கே 120 ஓம் வந்தால் என்ன ஆகியிருக்கும்?
3. மேலே போட்ட கணக்கில் சென்சார் 1000 ஓம் என்றால் ஈ.சி.யூ. எத்தனை வோல்ட் பார்க்கும்?

விடைகளை எழுதி, இந்தத் தாளுக்குக் கீழே தொங்கும் கவரில் போடுங்கள். சரியான விடைகளும் எழுதியவர் பெயர்களும் அடுத்த இதழில் வரும்.



– 9-ஆம் வகுப்பு மாணவி