பட்டிப்பொலவுக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில்

மலையகம் போக நல்ல மாதம் எது என்று ஊர்க்காரர்களிடம் கேட்டால், "எந்தப் பக்கம் போறீங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்கு விடை சொல்லாமல் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஜூலை மாதத்தில் வட்டவளை ஸ்டேஷனில் கொட்டுகிற மழையில் ரயில் ஏறுங்கள். ரொசல்ல, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று நனைந்துகொண்டே ஏறும் வண்டி, இலங்கையின் மிக உயரமான ஸ்டேஷனான பட்டிப்பொலவைத் தாண்டி ஒரு சுரங்கத்துக்குள் நுழையும். மறுமுனையில் வெளியே வரும்போது ஒஹிய பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருப்பது அங்கே சாதாரணம். ஜனவரியில் இது தலைகீழாகும்: ஹட்டனில் வானம் பளிச்சென்று இருக்க, அப்பால் கிழக்கே ஊவா மலைகளில் மேகம் கட்டி நிற்கும்.

காரணம் மலையின் நிற்பு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று கடல் ஈரத்தோடு மேற்குச் சரிவில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. உச்சியைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது அது காய்ந்த காற்று. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்க் காற்றின் முறை. அப்போது நனைவது இராகலை, உடப்புசல்லாவ, வலப்பனை, பதுளைப் பக்கங்கள். மொராக்கோவில் அட்லஸ் மலைகள் அட்லாண்டிக் பக்கத்தை நனைத்துச் சஹாராப் பக்கத்தைக் காயவிடுவதும் இதே விதிப்படிதான். ஆனால் அங்கே மழைக்காலம் ஒன்றே, அதுவும் குளிர்காலத்தில். இங்கே இரண்டு காற்றும் முறைவைத்து வருவதால் எந்தச் சரிவும் பாலைவனமாவதில்லை. இந்தக் காற்றுகள் வீசும் மாதங்களில் ஏதோ ஒரு சரிவு காய்ந்திருக்கிறது. பயணத் திட்டம் போடுகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான்.

மழையின் அளவைக் கேட்டால் திகைப்பீர்கள். இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளையில் ஆண்டுக்குச் சுமார் 5,000 மில்லிமீட்டர் பெய்கிறது. நுவரெலியாவில் ஏறத்தாழ 1,900. இரண்டுக்கும் இடையில் நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. சென்னையின் ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டர் அளவில்தான் என்பதை நினைத்துக்கொண்டால், கினிகத்தேனையிலிருந்து வட்டவளை வரை வழியெங்கும் பாறைகளில் பாசி ஏன் அப்படிப் படர்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

குளிரைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தோடுதான் பலரும் வருகிறார்கள். மழைக்காலத்தில்தான் நடுங்கும், வெயில் காலத்தில் சுகமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரைப் பாகை குறையும் என்ற கணக்குப்படி, கொழும்பில் 27 பாகை செல்சியஸ் என்றிருக்கும் ஆண்டுச் சராசரி இங்கே 15, 16 அளவுக்கு வந்துவிடுகிறது. ஹட்டன் அறுநூறு மீட்டர் தாழ்வில் இருப்பதால் அங்கே மூன்று நான்கு பாகை கூடுதல். ஆனால் மாதத்துக்கு மாதம் மாறுவது சராசரியைவிடப் பகலுக்கும் இரவுக்குமான இடைவெளிதான். ஜூன், ஜூலையில் மேகம் போர்த்தியிருப்பதால் பகல் 18, 19 பாகையைத் தாண்டத் தயங்கும். இரவும் 13க்குக் கீழே அதிகம் இறங்காது. ஜனவரி, பெப்ரவரியில் மேகமில்லாத இரவு தரையின் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். பகலில் இருபது பாகை வெயிலில் சட்டையோடு நடந்தவர், விடியற்காலையில் ஒற்றை இலக்கத்தில் நிற்பார். சில விடியல்களில் நுவரெலியாவின் பள்ளப் புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். பார்க்க வருகிறவர்களுக்கு அது அழகு. தேயிலைத் தோட்டத்துக்கு அது இழப்பு. உறைபனி விழுந்த மலையில் வெயில் ஏற ஏறக் கொழுந்து கருகிப்போகும். செடி மறுபடி துளிர்க்கும்வரை பறிக்க எதுவும் இருக்காது.

ஆகவே ஜனவரியில் வருகிறவர் தடித்த கம்பளிச் சட்டை, காது மூடும் குல்லா, காலுறை கொண்டுவர வேண்டும். குடையை மறந்தாலும் சமாளித்துவிடலாம். ஜூலையில் வருகிறவருக்கு நேர்மாறு: ஈரம் புகாத மேலாடையும், மாற்றுச் சப்பாத்தும், துணிகளைச் சுற்றிவைக்கப் பெரிய பொலித்தீன் பையும்தான் முக்கியம். அந்த மாதத்தில் துவைத்த துணி காயாது. குளிராடை இல்லாமல் வந்துவிட்டாலும் கவலை வேண்டாம். நுவரெலியாக் கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும். அறை எடுக்கும்போது சுடுநீர் உண்டா, போர்வை எத்தனை தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள். பல விடுதிகளில் அறையைச் சூடாக்க எந்த ஏற்பாடும் இருக்காது.

மார்ச், ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பர். இந்த இரண்டு இடைக்காலங்களிலும் காலை தெளிவாக இருக்கும். மதியத்துக்குப் பின் இடி முழங்கும். எதைப் பார்ப்பதானாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன் பார்த்து முடியுங்கள். மின்னல் வெட்டும்போது தேயிலைச் சரிவுகளில், தனி மரத்தடிகளில் நிற்க வேண்டாம். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம், மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் எல்லாம் உண்டு. அறை வாடகை பல மடங்கு ஏறும். கிரகரி வாவியைச் சுற்றி வாகனம் நகராது. கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த மாதத்தைத் தவிர்த்து மார்ச் தொடக்கத்தில் வரலாம். என் கணிப்பில் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துக்கு ஆண்டின் மிகச் சிறந்த காலம் பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரைதான்.

அந்தக் காலத்தில் வருகிறவர்கள் மஸ்கெலியாவைத் தவறவிடக் கூடாது. 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. மழையில்லாத மாதங்களில் நீர் வற்றும்போது பழைய கோவிலும் மற்ற கட்டடங்களும் தலைகாட்டும். ஊர்க்காரர்கள் சேற்றில் இறங்கிப் போய்க் கும்பிட்டு வருவார்கள். கரையோரச் சேறு ஆளை இழுக்கும். உள்ளூர்த் துணையில்லாமல் இறங்காதீர்கள்.

மஸ்கெலியாவுக்கு மேலே, நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறும் யாத்திரைக் காலமும் மழையைப் பார்த்து அமைந்ததுதான். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. அதாவது மேற்குச் சரிவு காய்ந்திருக்கும் காலம். படியெங்கும் விளக்கெரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். இருட்டில் ஏறி, 2,243 மீட்டர் உச்சியில் விடியலுக்குக் காத்திருக்கையில் வியர்த்த உடம்பில் காற்று அறையும். உலர்ந்த சட்டை ஒன்றைத் தனியாகக் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். மே முடிந்தபின் விளக்கில்லை, கடையில்லை, படிகள் வழுக்கும். அப்போது ஏறுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹோட்டன் சமவெளிக்குக் கால நேரமே எல்லாம். உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் காலை ஒன்பது மணிக்குள் நின்றால், கீழே எண்ணூறு மீட்டருக்கும் அப்பால் தோட்டங்களும் ஊர்களும் தெரியும். பத்து மணிக்குள் கீழிருந்து ஏறும் மூடுபனி எல்லாவற்றையும் மறைத்துவிடலாம். நுவரெலியாவில் இருந்து போகிறவர்கள் விடியுமுன் கிளம்ப வேண்டும்.

தென்மேற்கு மழையில் வருவதற்கும் நியாயம் உண்டு. டெவன் அருவி, ரம்பொடை அருவி எல்லாம் முழு வீச்சில் விழுவதை அப்போதுதான் காணலாம். சென் கிளேயர் அருவி மட்டும் மேல் கொத்மலை மின் திட்டத்துக்குப் பிறகு பழைய வேகத்தில் இல்லை. தலவாக்கலைப் பக்கத்து மழை கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து திருகோணமலைக் கடலுக்குப் போகிறது. நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்து மழை காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் தங்கி, மின்சாரம் தந்து, களனி கங்கையாகக் கொழும்பை அடைகிறது. மழை விட்டாலும் தூவானம் விடாத அந்த நாட்களில் புல்வழியே நடந்தால் அட்டை ஏறும். நீளக் காலுறையை முழங்கால்வரை இழுத்து, சவர்க்காரமோ உப்போ தேய்த்துக்கொள்ளுங்கள்; கடித்துவிட்டால் இழுத்துப் பிய்க்காமல், வாய்ப்பக்கத்தை நகத்தால் மெல்ல நெம்பி எடுங்கள்.

அதே மழையில், இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கூடைக் கயிற்றை மாட்டி, பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். மழை பெய்தால் கொழுந்து பெருகும், பறிக்கும் கைகளுக்கு ஓய்வில்லை; நீண்ட வறட்சியில் வேலை நாளே குறையும். வாகனத்தை நிறுத்திப் படம் எடுக்குமுன் "அக்கா, எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். லயங்கள் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வீடுகள். காட்சிப் பொருளாக்கி உள்ளே நுழையாதீர்கள்.

மண்சரிவை எந்தப் பயணியும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மலையக மாவட்டங்கள் பெரும் அடி வாங்கின, ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. இரண்டுமே ஒக்டோபர், நவம்பரில் நடந்தவை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பாக இருக்கவும், 150 தாண்டினால் வெளியேறவும் எச்சரிக்கை விடுக்கிறது. எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வரும். தங்கும் ஊர் எந்தப் பிரிவு என்று தெரிந்துவைத்திருங்கள். சரிவில் புது வெடிப்போ, திடீரெனக் கலங்கிய ஊற்றோ கண்டால் பொதியைத் தேடாமல் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117. மலைப்பாதையில் ரயில் எதுவரை ஓடுகிறது என்பதையும் கிளம்புமுன் விசாரியுங்கள். நானுஓயா–ரதல்ல குறுக்கு வழியில் மழையிலும் மூடுபனியிலும் இறங்க வேண்டாம். விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் அது.

தேயிலை வாங்குவதற்கும் இதே கணக்கு உதவும். வறண்ட குளிர்காற்று வீசும்போது கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் செறியும். ஹட்டன், தலவாக்கலை அடங்கிய திம்புலைத் தேயிலைக்கு அந்தப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை; ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தொழிற்சாலைக் கடையில் எந்த மாதம் தயாரித்தது என்று கேட்டு வாங்குங்கள்.

ஆகஸ்டில்தான் விடுமுறை கிடைக்கிறதா? ஹட்டனில் ஒரு நாள் போதும்: அருவிகளைப் பாருங்கள், நனையுங்கள். மறுநாள் ரயிலேறிப் பட்டிப்பொலவைக் கடந்து அப்புத்தளையிலோ பண்டாரவளையிலோ மீதி நாட்களைத் தங்குங்கள். டிசம்பர் கடைசி என்றால் திருப்பிப் போடுங்கள். ஊவாப் பக்கத்தைச் சுருக்கி, ஹட்டன், மஸ்கெலியாவுக்குக் கூடுதல் நாட்களை ஒதுக்குங்கள்.