படியை எண்ணிப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பண்டசோழநல்லூர் வீட்டுக்கு நீ போட்ட பிளானையும் எஸ்டிமேட்டையும் நேற்று இரவு விரித்து உட்கார்ந்தேன். எந்தப் பிளான் வந்தாலும் முதலில் படிகளைத்தான் எண்ணுவேன். நீ 14 போட்டிருக்கிறாய். தளத்துக்குத் தளம் 10 அடி 5 அங்குலம், 125 அங்குலம். வகுத்துப் பார், படி ஒன்றுக்கு ஏறக்குறைய 9 அங்குலம் வருகிறது. வீட்டில் ஆயா இருக்கிறார் என்று நீயே சொன்னாய். வடாம் காயவைக்க அவர் எப்படி மாடி ஏறுவார்? 18 படி வை, 7 அங்குலத்துக்குள் அடங்கும். கூடம் இரண்டடி சுருங்கினால் சுருங்கட்டும்.

எஸ்டிமேட்டைப் பார்த்ததும் கோபமே வந்துவிட்டது. 900 சதுர அடி, ஒரு ரேட், ஒரு பெருக்கல், முடிந்தது. போன வருஷம் வரை நெல் விளைந்த மனை அது. பேஸ்மெண்ட்டை 3 அடியாவது தூக்கவேண்டும். சுவர் போக உள்ளே 800 சதுர அடி என்றால் 2,400 கன அடி, 24 யூனிட் மண். தண்ணீர் விட்டு இடித்தால் அமுங்கும். 30 யூனிட்டாவது இறக்கவேண்டும். உன் கணக்கில் அதற்கு ஒரு ரூபாய்கூட இல்லை. அந்தக் களிமண்ணில் அஸ்திவாரம் எத்தனை அடி போகும், குழி தோண்டிப் பார்த்தாயா?

எனக்கு 26 வயதில் பாகூர்ப் பக்கம் ஒரு விவசாயிக்கு இப்படித்தான் ஒற்றை வரி எழுதிக்கொடுத்தேன். பாதிப் பணம் பேஸ்மெண்ட்டிலேயே கரைந்தது. லிண்டல் மட்டத்தில் நின்றுபோன சுவர் ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க நனைந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாடுகளை விற்றுத் தளம் போட்டார். அந்தக் காலிக் கொட்டகை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து தரைக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். டைல்ஸ், பெயின்ட் அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கும்; மண் காத்திருக்காது.

ஆனால் அந்த ஜன்னல்கள், தம்பி! வடக்கும் தெற்கும் நேருக்கு நேர் திறந்து, குளியலறையையும் படியையும் மேற்கே தள்ளி வெயிலை மறித்திருக்கிறாய். புதுச்சேரியில் 1937-ல் வேலை தொடங்கிய கோல்கொண்டே விடுதியில், கட்டடக் கலைஞர் ஆன்டோனின் ரேமண்ட் வடக்கு, தெற்கு முகங்கள் நெடுகத் திருப்பக்கூடிய பலகைகளை அடுக்கிக் காற்றுக்கு வழிவிட்டார். அதே அறிவை உன் சின்ன வீட்டில் பார்த்தேன். உன் வயதில் எனக்கு இது வரவே இல்லை.

மேஸ்திரியிடம் சொல்லி மனையில் இரண்டு இடத்தில் குழி எடுத்துவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். மண்ணைப் பார்த்துவிட்டு, எஸ்டிமேட்டை அங்கேயே உட்கார்ந்து புதிதாக எழுதலாம்.

அன்புடன்,
அண்ணன்