ஷட்டர் ரிப்பேரா, புது ஷட்டரா? பணம் கொடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

மணவாளக்குறிச்சி மாதிரி கடலோர ஊர்ல கார் ஷெட்டுக்கோ கடைக்கோ ஷட்டர் போட்டவங்களுக்கு ஒரு செலவு கண்டிப்பா வரும். உப்புக்காத்து இரும்பை சீக்கிரம் அரிக்கும். பறந்து வர்ற மணல் ஓரச் சட்டத்துக்குள்ள சேரும். ஒருநாள் ஷட்டரைத் தூக்க முடியாது. பார்க்க வர்றவர் "மொத்தமா மாத்திடலாம்"னு சொன்னா, எந்த பாகம் போயிருக்குன்னு நமக்குத் தெரியணும். இல்லைன்னா சின்னச் செலவு பெரிய செலவாயிடும்.

நாலு பாகங்கள்

தகடு: ஒண்ணோட ஒண்ணு கோர்த்து, சுருண்டு மேலே போறது.
கைடு: ரெண்டு பக்கமும் தகடு ஓடுற சட்டம்.
பாட்டம்: தரையைத் தொடுற அடிப்பட்டை. துரு பெரும்பாலும் இங்கதான் ஆரம்பிக்கும்.
ஸ்பிரிங்: மேலே பைப்பில் இருக்கும். ஷட்டரை இறக்கும்போது இது முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்குதான் எடையில் பெரும்பகுதியைத் தாங்குது.

அடிக்கடி வரும் கோளாறுகள்

ஷட்டர் திடீர்னு கனமாச்சுன்னா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், உடைஞ்சிருக்கலாம். தளர்ந்ததுன்னா முறுக்கேத்தினாலே போதும். ஒரு பக்கமா சாய்ஞ்சு ஏறினா, ஒரு பக்க ஸ்பிரிங்கையோ நகர்ந்த தகட்டையோ பார்க்கச் சொல்லுங்க. பாதியில் சிக்கினா, கைடு வளைஞ்சிருக்கும், இல்லை மணல் அடைச்சிருக்கும். அடிப்பட்டை மட்டும் துருவா? அதை மட்டும் மாத்தலாம். துரு மேல் தகடுகள் வரைக்கும் ஏறி ஓட்டை விழுந்திருந்தா, அப்போ புதுசு போடுறதுதான் லாபம்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங்கை நீங்களே கழட்டாதீங்க. முறுக்கு சட்டுனு விடுபட்டா கை போயிடும். தானா கீழே இறங்குற ஷட்டருக்கு அடியில் குழந்தைகளை விடவே கூடாது.

கொட்டேஷனை எப்படிப் படிக்கணும்?

ரெண்டு பேர் விலை சொன்னா, கேஜ் ஒண்ணான்னு முதல்ல பாருங்க. கேஜ் எண் கூடினா தகடு மெல்லிசு. 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் சுமார் 0.9 மி.மீ. விலை குறைவுக்குக் காரணம் இதுவாவே இருக்கலாம். கடலோரத்துக்கு நாகமுலாம் பூசின ஜி.ஐ. தகடு நல்லது. பாகம், கூலி, ஜி.எஸ்.டி. மூணும் தனித்தனியா எழுதி வாங்குங்க. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் அந்த வரியை உங்ககிட்ட வசூலிக்க முடியாது.

வரிக் கணக்கு

நீங்க குடியிருக்கிற வீட்டு ஷட்டர் செலவுக்கு வருமான வரியில் தனிக் கழிவு இல்லை. கடையை வாடகைக்கு விட்டு, அதை வீட்டுச்சொத்து வருமானமா காட்டினா, ரிப்பேர் செஞ்சாலும் செய்யாவிட்டாலும் 30% நிலையான கழிவுதான். பில்லை வச்சு கூடுதலா கேட்க முடியாது. சொந்தக் கடையில் நீங்களே வியாபாரம் பண்ணினா, சாதாரண ரிப்பேர் அந்த வருஷச் செலவு. ஷட்டரே இல்லாத இடத்தில் புதுசா போட்டா அது மூலதனச் செலவு. தேய்மானமாத்தான் வருஷாவருஷம் கழியும். வியாபாரச் செலவை ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமா கொடுத்தா பொதுவா கழிவு கிடைக்காது. வங்கி வழியா கொடுங்க.

செலவைத் தள்ளிப்போட

மாசம் ஒருமுறை கைடை ஈரத்துணியால் துடைச்சு, காயவிடுங்க. கைடுக்குள்ள கிரீஸை அப்பாதீங்க, மணல் ஒட்டும். அடிப்பட்டையில் துரு தெரிஞ்ச உடனே சுரண்டி, பிரைமர் அடிச்சு, பெயின்ட் அடிங்க.

அடுத்த தடவை யாராவது "மொத்தமா மாத்தணும்"னு சொன்னா, "எந்த பாகம் போயிருக்கு? அதை மட்டும் மாத்தினா எவ்வளவு? வாரன்டியை பில்லில் எழுதித் தருவீங்களா?"ன்னு கேளுங்க. பதிலைக் கேட்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்க.