கட்டடப் பராமரிப்பில் கணினி மாதிரி

கட்டடம் எழுப்புவது ஓரிரு ஆண்டுப் பணி. அதனைப் பேணுவது பல தலைமுறைக் கடமை.

திருவனந்தபுரம் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய குளத்தூரை எடுத்துக்கொள்வோம். 1994ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்தை அடுத்து, ஆரம்பப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றைப் பேணும் பொறுப்பு கிராம பஞ்சாயத்துகளுக்கு வந்தது. இப்பகுதியில் ஆண்டுக்கு இரு பருவமழை, கடற்காற்றில் உப்பு. ஈரமும் உப்பும் கான்கிரீட்டினுள் புகுந்தால் கம்பி துருவேறிப் பருக்கிறது. மேற்பூச்சு பெயர்ந்து விழுகிறது. வகுப்பறையில் இது உயிருக்கே ஆபத்து.

குழாய் எச்சுவரினுள் செல்கிறது, கூரைக்கு நீர்க்காப்பு எப்போது இடப்பட்டது என்ற விவரங்கள் பெரும்பாலும் பொறியாளரின் நினைவிலேயே தங்குகின்றன. அவர் மாற்றலாகும்போது அவையும் அகன்றுவிடுகின்றன.

இக்குறையைத் தீர்ப்பது கட்டடத் தகவல் மாதிரி. இது வெறும் படமன்று. தூண், குழாய், மின்கம்பி ஒவ்வொன்றுடனும் அதன் அளவு, பொருள், பழுதுபார்த்த நாள் ஆகியவற்றை இணைத்த முப்பரிமாணப் பதிவு. நாகபுரி மெட்ரோ திட்டத்தில் இம்முறை கையாளப்பட்டது. கட்டடம் பயன்பாட்டில் உள்ள காலத்துக்குரிய தகவல் நிர்வாகத்திற்கென ஐ.எஸ்.ஓ. 19650 தரநிர்ணயத்தின் மூன்றாம் பகுதி 2020இல் வெளியாயிற்று.

சிற்றூர்ப் பள்ளிக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கூரை, குழாய், மின்னமைப்பு மூன்றையும் பதிவு செய்தல் நல்ல தொடக்கமாகும். ஆனால் ஒவ்வொரு பழுதுக்குப் பின்னும் மாதிரி திருத்தப்பட வேண்டும். அதன் பின்னரே ஒப்பந்தக்காரருக்குப் பட்டியல் தொகை வழங்கப்பட வேண்டும். திருத்தப்படாத மாதிரி, மாதிரியே இல்லாமையினும் தீது. ஏனெனில் அதனை நம்பியே அடுத்த பொறியாளர் சுவரைத் துளைப்பார்.