ஜீனோவுக்கு இலக்கியத்தில் இடமுண்டா?

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பயின்றபின் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற என்னைப் போன்ற பலருக்கும் நேர்ந்தது எனக்கும் நேர்ந்தது. தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கியது. தமிழ் வாசிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. மூன்றாம் படிவத்தில் இருந்தபோது, மெர்போக் ஆறு கடலில் கலக்கும் தஞ்சோங் டாவாயில், எங்கள் வீட்டுப் பழைய பெட்டியொன்றில் அட்டை கிழிந்த நாவல் ஒன்று கிடைத்தது. அது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. நான் முழுமையாகப் படித்து முடித்த முதல் தமிழ் நாவல் அதுதான்.

பல்கலைக்கழகத்தில் ஓர் இலக்கியக் கலந்துரையாடலின்போது அந்நாவலைக் குறிப்பிட்டேன். “அது பொழுதுபோக்கு. இலக்கியமாக ஒன்றைச் சொல்லுங்கள்,” என்றார் ஒருவர். பதில் தெரியாமல் அமர்ந்துவிட்டேன். அன்று சொல்லத் தவறிய பதிலே இக்கட்டுரை.

1980களில் ‘ஆனந்த விகடன்’ இதழில் தொடராக வெளிவந்த கதை இது. ஜீவா எனும் சர்வாதிகாரி ஆளும் வருங்கால இந்தியாவில், குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். காணாமற்போன கணவன் சிபியைத் தேடுகிறாள் நிலா. அவளுக்குத் துணையாக வரும் இயந்திர நாய்தான் ஜீனோ. அது நூல்களைப் படிக்கிறது. தானாகச் சிந்திக்கவும் தொடங்குகிறது. மனிதர்கள் சிந்திக்க அஞ்சும் நாட்டில் ஓர் இயந்திரம் சிந்திக்கிறது என்பது வெறும் வேடிக்கையா? அதிகாரத்தையும் சுதந்திரத்தையும் பற்றிய கேள்வியல்லவா?

மின்பொறியாளரான சுஜாதா (1935-2008) பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். அறிவியலை மக்களிடம் கொண்டு சேர்த்தமைக்காக 1993-இல் இந்தியாவின் தேசிய விருது ஒன்றைப் பெற்றார். சாகித்திய அகாதமி விருதோ இறுதிவரை அவருக்குக் கிட்டவில்லை. அறிவியல் உலகம் அவரைத் தன்னவராக ஏற்றது. இலக்கிய உலகம் தயங்கியது.

இத்தயக்கத்திற்கு இரண்டு காரணங்கள் கூறப்படுவதுண்டு. முதலாவது, இவை வார இதழ்த் தொடர்கள் என்பது. ஆனால், நம் கடாரத்தை வென்ற இராசேந்திர சோழனின் காலத்தைக் கூறும் அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ நாவலும் ‘கல்கி’ இதழில் தொடராக வந்ததே. அதற்கு 1963-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஆகவே, தொடர்கதை என்பது தடையாக இருக்க முடியாது.

இரண்டாவது, நடக்க முடியாதவற்றைக் கூறும் கதைகள் சிறுபிள்ளைகளுக்கானவை என்பது. மணிமேகலை வானில் பறக்கிறாள், வேற்றுருவம் கொள்கிறாள், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை ஏந்துகிறாள். அவளைக் காப்பியத் தலைவியாகப் போற்றும் நாம், ஜீனோவை மட்டும் வாசலிலேயே நிறுத்துவது முறையாகுமா?

உலக அரங்கிலும் நிலைமை மாறிவிட்டது. விண்வெளிப் புனைகதை வரிசை ஒன்றைப் படைத்த டோரிஸ் லெஸ்ஸிங் 2007-இல் நோபல் பரிசு பெற்றார். படியாக்க மனிதர்களின் துயரை நாவலாக்கிய கசுவோ இஷிகுரோ 2017-இல் அப்பரிசைப் பெற்றார். தமிழில் ஜெயமோகனும் ‘விசும்பு’ என்னும் அறிவியல் புனைகதைத் தொகுப்பைத் தந்துள்ளார்.

அதற்காக எல்லா அறிவியல் புனைகதைகளையும் இலக்கியம் எனக் கொண்டாட வேண்டும் என்பதல்ல என் வாதம். சுஜாதாவின் நாவலிலும் குறைகள் உண்டு. வாரந்தோறும் திடுக்கிட வைக்கும் அவசரத்தில் சில கதைமாந்தர் நிழலாகவே மறைந்துவிடுகின்றனர். இக்குறைகளைப் படித்துப் பார்த்துச் சொல்வதுதான் திறனாய்வு. படிக்காமலேயே ஒதுக்குவது திறனாய்வாகாது.

அன்பு வாசகர்களே, தமிழை ஒரே பாடமாகப் பயிலும் மாணவனைத் தமிழுக்குள் தக்கவைப்பது பெரும்பாலும் இத்தகைய நூல்களே. நம் கலந்துரையாடல்களில் ஆண்டுக்கு ஒன்றையாவது எடுத்துப் பேசுவோம். அறிவியல், பொறியியல் பயிலும் நண்பர்கள் எழுதவும் முன்வரட்டும்.

என் தம்பி இப்பொழுது இரண்டாம் படிவத்தில் இருக்கிறான். அட்டை கிழிந்த அந்நூல் அவனிடம்தான் உள்ளது. ஜீனோவுக்கு அடுத்து என்ன நேர்ந்தது என்று தொலைபேசியில் என்னைக் கேட்கிறான். தமிழில்தான் கேட்கிறான்.