அழைப்பாணை உரியவர் கைக்குச் சேர்வது எப்படி?

வராத கடனுக்காக வழக்குத் தொடுக்கும் வணிகர்கள், நல்ல வழக்கறிஞரைத் தேடுவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அழைப்பாணையைச் சேர்ப்பிப்பதில் காட்டுவதில்லை. எதிர்த் தரப்புக்கு வழக்கைப் பற்றி முறைப்படி அறிவித்தாயிற்று என்பது நீதிமன்றக் கோப்பில் பதிவாகும் வரை வழக்கு ஓரடியும் நகராது. இவ்வாறு அறிவிப்பதைச் சட்டமொழியில் 'சார்வு செய்தல்' என்பர். எம் வாடிக்கையாளர்களில் வழக்குத் தொடுப்போரும் உளர். அழைப்பாணை பெறுவோரும் உளர். ஆகவே இரு தரப்பின் பார்வையிலும் இதனை விளக்க முற்படுகிறோம்.

புணேயில் துணி மொத்த வணிகம் செய்யும் ஒருவர், நாக்பூரில் உள்ள கடைக்காரர் தரவேண்டிய 2,40,000 ரூபாய்க்காகப் புணே நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதாகக் கொள்வோம். நாக்பூருக்கு அழைப்பாணையைக் கொண்டுசெல்பவர் யார்? அதற்கென ஒரு தனியாரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ள முடியுமா?

அமெரிக்காவில் முடியும். அங்குக் கூட்டாட்சி நீதிமன்ற விதிகளின்படி, வழக்கில் தரப்பினர் அல்லாத, 18 வயது நிரம்பிய எவரும் அழைப்பாணையைச் சேர்ப்பிக்கலாம். அதனையே தொழிலாகக் கொண்டோரும் பலர். இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே சார்வு என்பது நீதிமன்றத்தின் செயல். மக்கள் வழக்கில் 'அமீனா' எனப்படும் நீதிமன்றப் பணியாளரே நெடுங்காலம் அதனைச் செய்து வந்தார். அதற்கான செலவாகிய பேட்டாவை வாதியே நீதிமன்றத்தில் கட்டவேண்டும்.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 2002இல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் இதில் ஒரு வாயிலைத் திறந்தன. ஐந்தாம் கட்டளையின் 9ஆம் விதிப்படி, நீதிமன்றம் அங்கீகரித்த கூரியர் நிறுவனத்தின் வழியாகவும் அழைப்பாணையை அனுப்பலாம். அத்தகைய நிறுவனங்களின் பட்டியலை உயர் நீதிமன்றமோ மாவட்ட நீதிபதியோ தயாரித்து வைக்கவேண்டும். ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபால், விரைவுத் தபால், உயர் நீதிமன்ற விதிகள் இடம் தருமாயின் மின்னஞ்சல் ஆகியவையும் உண்டு. செலவு வாதியுடையது. எனவே நம் புணே வணிகர் பணம் கொடுத்து ஒரு தொழில்முறை நிறுவனத்தை நாடலாம். ஆனால் அது பட்டியலில் உள்ள நிறுவனமாக இருத்தல் வேண்டும், நீதிமன்றமும் அவ்வழியை அனுமதித்திருத்தல் வேண்டும். தம் கடைக்கு வழக்கமாகப் பார்சல் கொண்டுவரும் கூரியர்காரரிடம் உறையைக் கொடுத்தனுப்பினால் அது சட்டப்படி சார்வு ஆகாது.

மற்றொரு வழி 9-அ விதி. வாதி விண்ணப்பித்தால் நீதிமன்றம் அழைப்பாணையை அவரிடமே கொடுத்துச் சேர்ப்பிக்கச் சொல்லலாம். நீதிமன்ற வட்டாரத்தில் இதனை 'தஸ்தி' என்பர். நீதிபதியின் கையொப்பமும் நீதிமன்ற முத்திரையும் உள்ள படியைப் பிரதிவாதியிடம் நேரில் கொடுத்துக் கையொப்பம் பெறவேண்டும். எந்நேரத்தில், எவ்விதம் கொடுக்கப்பட்டது என்பதையும் எழுதவேண்டும். அவர் வாங்க மறுத்தால் வாக்குவாதம் செய்யவேண்டியதில்லை. நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் அழைப்பாணை மீண்டும் நீதிமன்றத்தின் வழியாகவே அனுப்பப்படும். விரைவு கருதித் தஸ்தி கேட்போர் பலர். எம் கருத்தில், இரு தரப்புக்கும் இடையே பகை முற்றியிருக்கும் இடங்களில் கூரியரும் தபாலுமே நல்லவை. வாதியே வாசலில் போய் நின்றால் அங்கே சண்டை மூள்வதும், பின்னர் 'என்னிடம் எதுவும் தரப்படவில்லை' என்று மறுக்கப்படுவதும் எளிது.

எவ்வழியில் அனுப்பினாலும் அதனைத் தாங்கி நிற்பது முகவரி. கதவு எண், தெரு, அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவை சரியாக எழுதப்பட்டு, கட்டணம் செலுத்தி, ஒப்புகையுடன் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால், ஒப்புகை அட்டை தொலைந்துபோனாலும், 30 நாட்களுக்குள் நீதிமன்றத்துக்குத் திரும்பி வாராவிட்டாலும், சார்வு நிறைவேறியதாக நீதிமன்றம் அறிவிக்கலாம். முகவரி பிழையானால் இந்தப் பாதுகாப்பு கிட்டாது. அழைப்பாணை சேராமல் திரும்பியது என அறிக்கை வந்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் வாதி புதிய அழைப்பாணைக்கு விண்ணப்பிக்கத் தவறி, அதற்குத் தக்க காரணமும் காட்டாவிட்டால், ஒன்பதாம் கட்டளையின் 5ஆம் விதிப்படி வழக்கே தள்ளுபடியாகும். சரக்கு அனுப்பிய விலைப்பட்டியலில் உள்ள பழைய முகவரியை அப்படியே வழக்குரையில் எழுதிவிடுவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். வழக்குத் தொடுக்கும் முன் எதிர்த் தரப்பின் வரிப் பதிவு முகவரி, வீட்டு முகவரி, அண்மைக் கடிதங்களில் காணும் முகவரி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

இனி, அழைப்பாணை பெறுபவரின் பக்கம். வாசலில் அமீனா நின்றால் 'வீட்டில் இல்லை என்று சொல்' எனக் குழந்தையிடம் சொல்லியனுப்பும் பழக்கம் நம் நாட்டில் பழையது. அதனால் விளையும் நன்மை எதுவும் இல்லை. தபால்காரரோ அங்கீகாரம் பெற்ற கூரியர் பணியாளரோ 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திருப்பினால், அது சார்வாகவே கொள்ளப்படும். பிரதிவாதி வெளியே சென்றிருந்து, உரிய காலத்துக்குள் அவரைக் காண வாய்ப்பில்லையெனில், உடன் வசிக்கும் குடும்பத்தினருள் வயதுவந்த ஆணிடமோ பெண்ணிடமோ கொடுக்கலாம். வேலையாள் இதில் சேரார். கையொப்பமிட மறுத்தாலோ, தேடியும் கிடைக்காவிட்டாலோ, வீட்டின் வெளிக்கதவில் படியை ஒட்டிவிட்டு, வீட்டை அடையாளம் காட்டியவர் யார், எவர் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்னும் விவரங்களுடன் பணியாளர் அறிக்கை தருவார். வேண்டுமென்றே ஒளிகிறார் என நீதிமன்றம் நம்பினால் நாளிதழில் அறிவிப்பு வெளியிடவும் ஆணையிடலாம். கதவில் ஒட்டிய தாளை ஊரார் பார்க்கும்போது குறையும் மதிப்பு, கையொப்பமிட்டு வாங்கும்போது குறைவதில்லை.

அழைப்பாணையைக் கையொப்பமிட்டு வாங்குவது கடனை ஒப்புக்கொள்வது ஆகாது. வழக்குத் தொடுக்கப்பட்டிருப்பதை அறிந்துகொண்டேன் என்பதே அதன் பொருள். அழைப்பாணையுடன் வழக்குரையின் படியும் இருக்கவேண்டும்; உறையைப் பிரித்தவுடன் அதனைச் சரிபார்க்க வேண்டும். பெற்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்யவேண்டும். நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து 90 நாட்கள் வரை நீட்டிக்கலாம். சார்வு நிறைவேறியும் முன்னிலையாகாதவர் மீது ஒருதலைத் தீர்ப்பு வரும். அதனை நீக்கக் கோர 30 நாட்களே உண்டு. அழைப்பாணை முறைப்படி சேரவில்லையெனில், தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து அந்த 30 நாட்கள் தொடங்கும். ஆயினும், விசாரணை நாளை முன்னரே அறிந்திருந்து, வந்து பதிலளிக்கப் போதிய அவகாசமும் இருந்தவர், சார்வில் நேர்ந்த சிறு ஒழுங்கீனத்தை மட்டும் காட்டித் தப்ப இயலாது.

வங்கிக் கிளைகளில் மிகுதியாகக் கேட்கப்படுவது திரும்பிய காசோலை பற்றியது. அங்கு முதலில் செல்வது அழைப்பாணை அன்று, காசோலை பெற்றவர் அனுப்பும் எழுத்துவழி அறிவிப்பு. காசோலை திரும்பியதாக வங்கி தெரிவித்த 30 நாட்களுக்குள் அது அனுப்பப்பட வேண்டும். பெற்ற 15 நாட்களுக்குள் மற்றவர் பணம் செலுத்தவேண்டும். 'அறிவிப்பே எனக்கு வரவில்லை' என்னும் வாதத்தை உச்ச நீதிமன்றம் 2007இல் ஆராய்ந்தது. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாலே சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்றும், உண்மையாகவே பெறாதவர் நீதிமன்ற அழைப்பாணை கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைச் செலுத்திவிடலாம் என்றும் அது தெளிவுபடுத்தியது. அந்த 15 நாட்களையும் தவறவிட்டவர் அறிவிப்பு வரவில்லை என்று பின்னர் வாதிட முடியாது.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும் ஒரு செய்தி. அயல்நாட்டு நீதிமன்றத்தின் உரிமையியல் அழைப்பாணை இந்தியாவில் உள்ளவருக்குத் தபாலில் நேரே வந்தால் அதனைக் குப்பையில் எறியாமல் வழக்கறிஞரிடம் காட்டவேண்டும். 1965ஆம் ஆண்டின் ஹேக் சார்வு உடன்படிக்கையில் இந்தியா 2006இல் சேர்ந்தபோது, தபால் வழி நேரடிச் சார்வுக்கு எதிர்ப்புத் தெரிவித்தது. அவ்வுடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் கோரிக்கைகள் மத்திய சட்ட அமைச்சகத்தின் வழியாகவே வரவேண்டும். அங்கே தொழில்முறைச் சேர்ப்பாளரை அமர்த்திப் பழகியோர் அதே வழியை இங்கும் கையாளப் பார்ப்பதுண்டு.

இறுதியாகப் போலிகள். அண்மைக் காலத்தில் நீதிமன்ற முத்திரை பொறித்த படங்களைக் கைப்பேசிக்கு அனுப்பி, 'உடனே பணம் கட்டாவிட்டால் கைது' என மிரட்டுவோர் பெருகியுள்ளனர். அழைப்பாணை பெறுபவர் அதனைக் கொண்டுவருபவருக்கு எந்தக் கட்டணமும் தரவேண்டியதில்லை. பேட்டா வாதி கட்டுவது. காவல் துறை விசாரணைக்கு வரும்படி விடுக்கும் அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது முறையான சார்வு ஆகாது என உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியுள்ளது. மாவட்ட நீதிமன்ற வழக்கு ஒவ்வொன்றுக்கும் சி.என்.ஆர். எனப்படும் 16 இலக்க எண் உண்டு. அதனை இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் இட்டால் தரப்பினர் பெயரும் அடுத்த விசாரணை நாளும் தெரியும். அந்த எண் கிடைக்காவிட்டால் தரப்பினர் பெயரைக் கொண்டும் அங்குத் தேடலாம். ஐயம் நீங்காதவர்கள், தாளில் குறிப்பிட்ட நீதிமன்றத்தின் அலுவலகத்தில் வழக்கு எண்ணைக் காட்டி நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.