தலைமாட்டில் தோட்டா போட்ட துப்பாக்கியா?

"மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்து வச்சாச்சு வைத்தியரே. தலைவலி கொஞ்சம் கேட்டிருக்கு. ஒறக்கம்தான் வரமாட்டேங்கு. கண்ணை மூடுனா பொறத்தால ஆளு நிக்கது மாதிரி இருக்கு..."

மாசிக் கொடை முடிந்து மூன்று வாரம் இருக்கும். என்னிடம் வந்தவருக்கு வயது 67. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் நல்ல ஆரோக்கியம். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தத்துக்கு மட்டும் ஒரு மாத்திரை. நாடி பார்த்தேன். வாதம் தூக்கலாக நின்றது. கண்ணுக்குக் கீழே கருமை. மேஜையில் நான் டம்ளரை வைத்த சத்தத்துக்கே அவர் தோள் துள்ளியதைக் கவனித்தேன். பட்டாளத்துக்காரர் டம்ளர் சத்தத்துக்குத் துள்ளுவாரா?

"அண்ணாச்சி, வீட்டில என்ன நடந்தது?" என்றேன்.

மாசி மாதக் கடைசி செவ்வாய்க்கிழமை ஒடுக்கு பூஜை. எங்கள் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று ராத்திரி ஊரே கோயிலில்தான் நிற்கும். கேரளத்தில் இருந்து பெண்கள் இருமுடி கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். அண்ணாச்சி வீட்டிலும் எல்லாரும் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால், அடுக்களைக் கதவின் தாழ்ப்பாள் நெம்பிக் கிடக்கிறது. அலமாரி திறந்து கிடக்கிறது. மருமகளின் நகையும் கொஞ்சம் பணமும் போயிற்று.

அதே அலமாரியின் அடித்தட்டில், பழைய சேலைகளுக்குக் கீழே, அவருடைய உரிமம் பெற்ற ரெட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. கள்ளன் கண்ணில் அது படவில்லை.

"தெய்வம் காத்தது" என்றேன்.

"காத்தது வாஸ்தவம். ஆனா அன்னைக்கே எடுத்து ரெண்டு தோட்டாவையும் போட்டு கட்டிலுக்குப் பக்கத்துல சாத்தி வச்சிட்டேன். இனி ஒருத்தன் வரட்டும்னு..." சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதி வந்தது. அதற்கு முந்தைய வாரம், ராத்திரி 2 மணி இருக்கும். கூடத்தில் காலடிச் சத்தம். இவர் துப்பாக்கியைக் கையில் எடுத்தாகிவிட்டது. விரலும் போகிற இடத்துக்குப் போய்விட்டது. அப்போது ஒரு இருமல். பேரனின் இருமல்! 11 வயசுப் பையன், தாத்தா உறக்கம் கெடக்கூடாதே என்று விளக்குப் போடாமல் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான்.

தலைவலி அன்றைக்குத்தான் தொடங்கியிருக்கிறது. வீட்டில் யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை.

பயத்தில் உடம்பு என்ன செய்கிறது?

சித்த மருத்துவத்தில் அடக்கக்கூடாத வேகங்கள் 14 என்பார்கள். தும்மல், பசி, தாகம் இவற்றோடு உறக்கமும் அதில் ஒன்று. உறக்கத்தை அடக்க அடக்க வாயு சீறும். தலைபாரம், கண் எரிச்சல், காதில் இல்லாத சத்தம், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடல் எல்லாம் பின்னாலேயே வரும். இன்றைய மருத்துவம் இதையே வேறு பாஷையில் சொல்கிறது. பயந்தவன் ரத்தத்தில் அட்ரினலின் ஏறுகிறது, நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் இருந்து திடுக்கிட்டு எழுந்தவருக்குப் புத்தி முழுசாகத் தெளியச் சில நிமிஷம் பிடிக்கும். ஆனால் கை உடனே வேலை செய்யும். விசையை இழுக்க அரை நொடி போதும்.

இருட்டு, அரைத்தூக்கம், மூன்று வாரப் பயம். இந்த நிலையில் இருக்கிற ஒரு மனிதரிடம், "வருவது கள்ளனா, உன் பேரனா?" என்று தீர்ப்புச் சொல்லும் வேலையைக் கொடுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் கதையைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2013 பிப்ரவரி 14 விடியற்காலையில், பூட்டியிருந்த கழிவறைக் கதவு வழியாக நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்தவர் அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப். வீட்டுக்குள் ஆள் நுழைந்துவிட்டான் என்று பயந்து சுட்டதாக அவர் நீதிமன்றத்தில் சொன்னார். அது உண்மையா என்ற வாதத்துக்குள் நாம் போக வேண்டாம். 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் செய்தது கொலை என்றே தீர்ப்புச் சொன்னது. கதவுக்குப் பின்னால் இருப்பது யாரானாலும், சுட்டால் சாகலாம் என்று தெரிந்தே சுட்டார் என்பதுதான் அதன் காரணம். நம் நாட்டுச் சட்டமும், ராத்திரியில் வீடு புகுந்து திருடுபவனிடம் இருந்து தற்காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. அதே சட்டம், தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்றும் சொல்கிறது. எது தேவை, எது மேல் என்று அளந்து பார்க்க இருட்டில் யாருக்கு நிதானம் இருக்கும்?

கள்ளனே வராவிட்டாலும் ஆபத்து உண்டு. 2024 அக்டோபர் 1 அன்று இந்தி நடிகர் கோவிந்தா, மும்பையில் தன் வீட்டில், வெளியூர் கிளம்பும் அவசரத்தில் உரிமம் பெற்ற ரிவால்வரை அலமாரியில் வைக்கப் போனார். கை தவறி விழுந்து வெடித்து, குண்டு அவர் காலிலேயே பாய்ந்தது. நல்லவேளை, சில நாட்களில் வீடு திரும்பினார்.

அமெரிக்காவில் 1993-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. துப்பாக்கி உள்ள வீட்டில், வீட்டுக்குள்ளேயே கொலை நடக்கும் ஆபத்து சுமார் 2.7 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அந்தக் கூடுதல் ஆபத்தில் ஏறத்தாழ முழுவதும் குடும்பத்தினராலும் நெருங்கிப் பழகியவர்களாலும் வந்ததுதான். அமெரிக்கா வேறு, நாம் வேறு என்பீர்கள். சரிதான். ஆனால் கோபமும் குடியும் மனக்கசப்பும் அங்கே மட்டுமா இருக்கின்றன?

என் பாஷாண அலமாரி

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் நஞ்சு மருத்துவ வகுப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீரம், பூரம், லிங்கம், கௌரி பாஷாணம், நாபி, எட்டி, சேங்கொட்டை... சுத்தி முறை தெரிந்து செய்தால் மருந்து, தெரியாமல் தொட்டால் எமன். அரசுச் சட்டமும் இவற்றைத் தனி அட்டவணையில் வைத்து எச்சரிக்கை போடச் சொல்கிறது. என் மருந்தறையில் இவற்றுக்கு ஒரு இரும்பு அலமாரி. சாவி என்னிடம் மட்டும். அது கள்ளனுக்குப் பயந்து போட்ட பூட்டு இல்லை. பாஷாணம் திருட யார் வரப்போகிறார்கள்? என் பிள்ளைகளுக்கும், வேலை செய்யும் பையனுக்கும், அசதியாக இருக்கும் நேரத்தில் எனக்கும் சேர்த்துப் போட்ட பூட்டு அது.

அண்ணாச்சியிடம் இதைத்தான் சொன்னேன். "உங்க துப்பாக்கியையும் அப்படி நினைச்சுக்கிடுங்க."

உரிமம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை இவை. வீட்டில் இருக்கும் நேரம் முழுவதும் துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கக்கூடாது. 'சேஃப்டி' போட்டிருக்கிறேன் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். பழைய துப்பாக்கி கீழே விழுந்தாலே வெடிக்கலாம். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு அறையில் வேறு பூட்டில். சேலைக்கு அடியில், அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைப்பது பாதுகாப்பே இல்லை. அலமாரியைக் குடைவது கள்ளனின் தொழில். வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது பிள்ளைகளின் தொழில்! சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டிதான் சரி. மர அலமாரியைக் கடப்பாரையால் பெயர்த்துவிடுவான். சாவியை நாட்காட்டி ஆணியில் மாட்டாதீர்கள்.

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமம் கேட்கும்போதே ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உடல்நலம், மனநலத்துக்கு மருத்துவச் சான்றும் வேண்டும். எனவே இது வெறும் வைத்தியர் உபதேசம் அல்ல, நீங்களே கையெழுத்துப் போட்ட வாக்கு.

துப்பாக்கியோ தோட்டாவோ திருட்டுப் போய்விட்டால், "நம்மைத்தானே கேள்வி கேட்பார்கள்" என்று ஒருநாள்கூட மறைக்காதீர்கள். உடனே காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. உரிமத்தின் நகலும் துப்பாக்கியின் எண்ணும் துப்பாக்கி இருக்கும் பெட்டியில் இல்லாமல் வேறு இடத்தில் இருக்கட்டும். கள்ளன் கையில் போன துப்பாக்கி அடுத்தாற்போல யார் வீட்டு வாசலில் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? இன்னொன்று. பல தரவாட்டு வீடுகளில், காலஞ்சென்ற தாத்தாவின் துப்பாக்கி பரணில் கிடக்கும். உரிமம் பெற்றவர் இறந்ததும் அந்த உரிமமும் முடிந்தது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம். "ஞாபகார்த்தமா இருக்கட்டும்" என்று வைத்திருப்பது குற்றம்.

"எங்க வீட்ல துப்பாக்கியே இல்லையே" என்று பக்கத்தைப் புரட்டுகிற சகோதரிகளே, ஒரு நிமிஷம்! திருட்டு நடந்த வீட்டில் தலையணைக்கு அடியில் வெட்டுக்கத்தி வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இருட்டில் தடுமாறும் கைக்கு அதுவும் அதே ஆபத்துதான். சிலர் ஏர்கன் வாங்கி வைக்கிறார்கள். 0.177 அங்குல குழாயும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள சிறியவற்றுக்கு உரிமம் தேவையில்லை. அதனால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த ஈயக்குண்டு கண்ணைத் துளைத்தால் பார்வை போவது போவதுதான். வீட்டில் குடிப்பவர், மனம் சோர்ந்து "செத்துப்போகணும்" என்று பேசுபவர் இருந்தால், துப்பாக்கி, கத்தி மட்டுமல்ல, பூச்சி மருந்துகூட அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம்.

என்ன மருந்து கொடுத்தேன்?

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அமுக்கரா சூரணம், வெதுவெதுப்பான பாலில். கிராம்பில் தொடங்கி ஒன்றைவிட ஒன்று இரட்டிப்பாகப் பொருள்கள் சேரும் அழகான சூரணம் அது. ஆனால் கடைசியாகச் சேர்வது சர்க்கரை. நீரிழிவுக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அமுக்கராவைத் தொடவே வேண்டாம். புதனும் சனியும் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர்க் குளியல். மாலை 4 மணிக்குப் பிறகு காபி, டீ இல்லை. பகல் உறக்கம் இல்லை.

மருந்து பாதிதான். கதவு உறுதியில்லாமல் எந்தச் சூரணமும் உறக்கம் தராது. அடுக்களைக் கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை போடச் சொன்னேன். கூடத்தில் விடிய விடிய ஒரு சின்ன விளக்கு. புறவாசலிலும் ஒன்று. ராத்திரி எழும்புகிறவர்கள் குரல் கொடுத்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். சத்தம் கேட்டால் வெளியே ஓடாமல், அறையைப் பூட்டிக்கொண்டு 112-க்கு போன் பண்ண வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனால் காவல் நிலையத்திலும் பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை. கொடை நாளில் வீட்டுக்கு ஒருவர் முறைவைத்துக் காவல் இருக்கலாமே!

திருட்டுக்குப் பின் வரும் இந்தத் திடுக்கிடலும் உறக்கமின்மையும் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். ஒரு மாதம் தாண்டியும் அதே கனவு, அதே படபடப்பு என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம். அவரிடம் அனுப்பவும் நான் தயங்குவதில்லை. பயம் நிற்கும்வரை புதிதாகத் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் யோசனையையும் தள்ளிப்போடுங்கள்.

அண்ணாச்சி அன்று மாலையே மகனை உட்காரவைத்து நடந்ததைச் சொல்லியிருக்கிறார். மருமகள் அழுதாளாம். மறுநாள் துப்பாக்கியை, ரசீது வாங்கிக்கொண்டு, உரிமம் பெற்ற வியாபாரியிடம் காவலுக்கு வைத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து வந்தபோது முகம் தெளிந்திருந்தது. ராத்திரி ஐந்து மணி நேரம் உறங்குகிறாராம்.

"இப்பவும் ஓலைமட்டை விழுந்தா முழிப்பு வந்துரும் வைத்தியரே. ஆனா முதல்ல 'ஆரு?'ன்னு கேக்கேன். அந்தப் பய கூடத்துல நின்னுட்டு, 'கள்ளன் இல்ல தாத்தா, நான்தான்'னு சிரிக்கான்."